ஒரு பாக்கெட் அஜினோமோட்டோவும் என் சனிக்கிழமைக் குருமாவும்

பொருள்: அஜினோமோட்டோ, சின்ன பாக்கெட். வாங்கிய இடம்: தூத்துக்குடி பழைய மார்க்கெட் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. விலை: ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் காசு. வைத்துப் பார்த்த காலம்: மூன்று வாரம். விமர்சனம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று என் தங்கை மகள் சொன்னாள். சரி, தொடங்கியாயிற்று. இனி என் போக்கில் எழுதுகிறேன்.

நான் 12 வருடமாக வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கேரியர் கொடுக்கிறேன். இப்போது 24 கேரியர். பாதி வங்கி ஆட்கள், மீதி துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஷிப்பிங் ஆபீஸ்காரர்கள். வாரம் முழுக்கச் சாம்பார், புளிக்குழம்பு, மீன்குழம்பு என்று ஓடும். சனிக்கிழமை மட்டும் வெஜிடபிள் பிரியாணியும் வெள்ளைக் குருமாவும். அந்தக் குருமாவுக்காகவே சேர்ந்தவர்கள் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை, ஷிப்பிங் ஆபீஸ் தம்பி ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, சனிக்கிழமை குருமா செம. ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. அஜினோமோட்டோ போடுறீங்களா? சாப்பிட்டதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிச்சிக்கிட்டே இருந்தேன்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்ததே கோபம். சமைப்பவளிடம் இதைக் கேட்பதும், பால்காரரிடம் தண்ணீர் கலக்கிறீர்களா என்று கேட்பதும் ஒன்றுதான். ஈரக் கையோடு பதில் அடித்தேன்: "இல்லை தம்பி. என் அடுப்படிக்குள் அது வந்ததே கிடையாது." இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நானே இதை விழுங்க வேண்டியதாயிற்று.

கோபம் ஆறிய பிறகு வேறு ஒரு அரிப்பு. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். பிப்பெட் பிடித்த கையில் கரண்டி வந்து முப்பது வருடமாகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு பொருளைத் திட்டியிருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இது என்ன நியாயம்? அன்று மாலையே மார்க்கெட்டுக்குப் போனேன்.

கடைக்காரர் எங்களுக்கு இருபது வருடப் பழக்கம். அஜினோமோட்டோ இருக்கா என்றதும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "ஃபாஸ்ட் ஃபுட் கடை போடப் போறியளாக்கா?" வீட்டுக்குத்தான் என்றேன். "வீட்டுக்கா?" எலி மருந்து எடுப்பதுபோல உள்ளே போய் எடுத்துவந்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அவர் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸையும் நூடுல்ஸையும் யாரும் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோவதில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பாக்கெட்டைப் பிரித்தால் உப்பு மாதிரி இருக்காது. உப்பு கட்டம் கட்டமாக இருக்கும், இது ஊசி ஊசியாக, நொறுங்கிய கண்ணாடி வளையல்போல மினுங்கும். வாசனை கிடையாது. நாலைந்து துகள் நாக்கில் வைத்தேன். முதலில் லேசான உப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் நாக்கின் ஓரமெல்லாம் எச்சில் ஊறியது. ஆட்டெலும்பு சூப் குடித்து முடித்து ஐந்து நிமிடம் கழித்தும் வாயில் ஒன்று நிற்குமே, அது மட்டும், சூப் இல்லாமல்.

எங்கள் தெருவில் இதை எலும்புத் தூள் என்பார்கள். எலும்பும் இல்லை, கொழுப்பும் இல்லை. 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய், குளூட்டமேட் என்ற அமினோ அமில உப்பைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு எதிலும் சேராத அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே வியாபாரமாகிவிட்டது. அஜினோமோட்டோ என்பது அந்த வியாபாரப் பெயர். பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட், சுருக்கமாக எம்.எஸ்.ஜி. ஜெராக்ஸ் மாதிரி நமக்குக் கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. இப்போது கரும்புப் பாகு, மரவள்ளி மாவு, சோளம் போன்றவற்றை ஒரு நுண்ணுயிரை விட்டுப் புளிக்க வைத்து எடுக்கிறார்கள். நம் இட்லி மாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை வெள்ளிக்கிழமை. சாதம் வடித்த கஞ்சி ஒரு டம்ளர், வழக்கமாகப் போடும் உப்பில் பாதி, இதில் ஒரு சிட்டிகை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 82 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், உப்பு குறைத்ததிலிருந்து கஞ்சியைக் கண்டாலே முகம் சுளிப்பார். குடித்தார். டம்ளரை வைத்தார். என்னை உற்றுப் பார்த்தார். "ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதுல கோழி எதுவும் போட்டியா?"

சத்தியம் செய்யவேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது சோதனை பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீரில். மூன்று டம்ளர், அடியில் பேனாவால் எண். ஒன்றில் அளவான உப்பு மட்டும், ஒன்றில் கூடுதல் உப்பு, ஒன்றில் குறைந்த உப்போடு அஜினோமோட்டோ. என் வீட்டுக்காரர் கூடுதல் உப்பு போட்டதைப் பிரமாதம் என்றார் (அவருடைய இரத்த அழுத்தக் கதை தனி). தங்கை மகள் மூன்றாவதை எடுத்தாள். அத்தை, மூன்றும் வெந்நீர்தான் என்றார். ஆக, இதைப் போட்டால் எல்லோரும் மயங்கி விழுவார்கள் என்பதும் கதைதான்.

புளிக்குழம்பில் போட்டேன், எந்த மாற்றமும் தெரியவில்லை. அதிகப் புளிப்பில் இதன் வேலை மங்கிவிடும். சொதியில் போட்டது பெரிய தப்பு. சொதியின் அழகே தேங்காய்ப்பாலின் அந்த இளம் இனிப்பு. அதற்குள் இது நுழைந்ததும் ஏதோ மீன் அலசிய பாத்திரத்தில் வைத்த சொதி போலாகிவிட்டது. கல்யாண வீட்டு மறுநாள் சொதி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் யாரும் இந்த விபரீதத்தைச் செய்ய வேண்டாம். தக்காளி ரசத்துக்குத் தேவையே இல்லை, பழுத்த தக்காளியிலேயே குளூட்டமேட் தாராளமாக இருக்கிறது.

குஸ்காவில் அரைத் தேக்கரண்டி போட்ட அன்றுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. காய் கிடையாது, நெய் கிடையாது, வெறும் வெங்காயம், எண்ணெய், அரிசி. அப்படியே தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடை ருசி. பக்கத்து வீட்டுப் பையன் மூன்று தட்டு சாப்பிட்டான். நான் நல்ல காய் போட்டு, முந்திரி அரைத்து, நெய் ஊற்றிச் செய்யும் பிரியாணியை அவன் ஒரு தட்டுக்கு மேல் தொட்டதில்லை. சமையல்காரியாக எனக்கு இது அவமானம். பத்து ரூபாய்ச் சரக்கை ஐம்பது ரூபாய்ச் சரக்கு மாதிரி நாக்கிடம் பொய் சொல்ல வைக்கிறது. இந்தப் பொருள்மேல் எனக்கு இருக்கும் ஆட்சேபணைகளில் பெரியது இதுதான். விஷம் என்பதல்ல என் புகார். மட்டமான சாப்பாட்டுக்கு இது போர்வை.

விஷம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1968-ல் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சீன உணவகங்களில் சாப்பிட்டால் தனக்குப் பின்கழுத்து மரத்துப்போகிறது, தளர்ச்சியும் படபடப்பும் வருகிறது, காரணம் சோயா சாஸா, சமையல் மதுவா, மோனோசோடியம் குளூட்டமேட்டா, இல்லை அதிக உப்பா என்று கேட்டிருந்தார். கேள்வியாகத்தான் கேட்டார். ஊர் உலகம் அதில் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டது. கடைசியில் சொன்ன உப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடம் ஜான் ஓல்னி என்ற ஆய்வாளர் பிறந்த எலிக்குட்டிகளுக்கு இதை ஊசி வழியாகச் செலுத்தி மூளையில் பாதிப்பைக் காட்டினார். அமெரிக்காவில் குழந்தை உணவு செய்த கம்பெனிகள் பதறிப்போய் இதைச் சேர்ப்பதை நிறுத்தின. எலிக்குட்டிக்கு ஊசியில் போட்ட அளவும் வழியும் வேறு, நாம் குழம்போடு விழுங்கும் அளவும் வழியும் வேறு. சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரிபொருளாகப் பயன்படுத்தித் தீர்த்துவிடும். தாய்ப்பாலில் தனியாக மிதக்கும் அமினோ அமிலங்களில் அதிகம் இருப்பதே குளூட்டமேட்தான். இதை அத்தையிடம் சொன்னேன். "நான் அஞ்சு பிள்ளைக்குப் பாலு குடுத்தேன், ஒருத்தனும் அறிவாளி ஆகலையே" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போனார்.

இதற்காக ஒன்றுமே செய்யாது என்றும் நான் சொல்லமாட்டேன். தங்களுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 130 பேரை வைத்து, யாருக்கு எது கொடுக்கிறோம் என்பது கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் தெரியாத வகையில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2000-ல் வெளிவந்தது. முதல் சுற்றில் நிறையப் பேருக்கு ஏதோ செய்தது. சிலருக்கு, அது இல்லாத பானத்தைக் குடித்ததற்கே செய்தது. திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோது விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டது. உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது யாருக்கும் ஒரே மாதிரி நிலையாக வரவில்லை. ஆனால் வெறும் வயிற்றில், சாப்பாடு இல்லாமல், மூன்று கிராமுக்கு மேல் எடுத்தால் சிலருக்குத் தலைவலி, முகம் சிவத்தல், மரத்துப்போதல் வரலாம் என்று அமெரிக்க அரசுக்காக 1995-ல் செய்த ஆய்வறிக்கை சொல்கிறது.

நிபுணர்களுக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, இதற்கு அளவு குறிக்கத் தேவையில்லை என்று 1987-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல், இல்லை, அளவு வேண்டும் என்று உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் குளூட்டமிக் அமிலம் என்று வரம்பு வைத்தது. என் வீட்டுக்காரர் 70 கிலோ. கணக்குப் போட்டால் இந்தப் பொருளில் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி வரும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம் சொச்சம், ஒரு பெரிய சிட்டிகை. நாள் முழுக்க நூடுல்ஸும் சிப்ஸும் சூப்புமாகத் தின்னும் பிள்ளைக்கு அந்த வரம்பு தாண்டுவது கஷ்டமில்லை. எனக்கு ஐரோப்பாக்காரர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. அளவு குறிக்காத பொருள் அடுப்படியில் எதுவுமே கிடையாது, மஞ்சள் தூள் உட்பட.

நம் ஊரில் எல்லோருக்கும் இந்தப் பெயர் மனப்பாடமானது 2015-ல், மேகி நூடுல்ஸ் விவகாரத்தில். உண்மையில் அதில் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது காரீயம். எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது இன்னொரு பிரச்சினை. ஜூனில் தமிழ்நாடு அரசு மூன்று மாதம் தடை போட்டது, நாடு முழுக்கவும் தடை வந்தது. ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து மறு சோதனைக்கு உத்தரவிட்டது. சோதனையில் காரீயம் அனுமதித்த அளவுக்குள் இருந்தது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது. மக்கள் மனதில் காரீயம் மறந்துபோய் அஜினோமோட்டோ மட்டும் தங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் கடைக்குக் கடை 'இங்கு அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை' என்ற போர்டுகள் முளைத்தன. நானும் அப்படி ஒரு போர்டை மனதுக்குள் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் போர்டைக் கழற்றியது என் தங்கை மகள். இங்கே மீன்வளக் கல்லூரியில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். அலமாரியில் எதையோ தேடியவள் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "பெரியம்மா, இதைப் படிச்சிருக்கீங்களா?"

வெஜிடபிள் ஸ்டாக் கியூப், குழம்பில் கரைத்துவிடும் காய்கறிச் சாற்றுக் கட்டி. முதல் டப்பாவை மூன்று வருடத்துக்கு முன் துபாயிலிருந்து வந்த நாத்தனார் கொடுத்தார். குருமாவில் ஒன்றிரண்டு போட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது, அதன் பிறகு இங்கேயே சூப்பர் மார்க்கெட்டில் வேறொரு கம்பெனி கியூபை வாங்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை அண்டாவுக்கு ஐந்து கியூப். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன், காலாவதித் தேதி பார்ப்பேன், அதோடு சரி.

அவள் படித்தாள். உப்பு முதலில். அப்புறம் சோள மாவு, பாமாயில், வெங்காயப் பொடி. அப்புறம் சுவைகூட்டி 621. சுவைகூட்டி 627, 631. அதற்குக் கீழே கொசு எழுத்தில்: மோனோசோடியம் குளூட்டமேட் சேர்க்கப்பட்டது, 12 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.

621 என்றால் அஜினோமோட்டோதான். மூன்று வருடமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும், என் கையால்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தம்பிக்கு அனுப்பிய பதில் கண்முன் வந்து நின்றது. என் அடுப்படிக்குள் அது வந்ததே கிடையாதாம். சொந்தப் பெயரில் வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். 621 என்ற எண்ணை மாட்டிக்கொண்டு வந்ததால் நடுவீட்டில் உட்காரவைத்து உபசரித்திருக்கிறேன்.

பொருட்கள் பட்டியல் எடை வரிசைப்படி இருக்கவேண்டும் என்பது சட்டம். உப்பு முதலில் நிற்கிறது என்றால் அந்தக் கியூபில் எதையும்விட உப்புதான் அதிகம். பின்பக்கத்தில் 100 கிராமுக்குச் சோடியம் 18 கிராம் என்று இருந்தது. பழைய வேதியியல் விழித்துக்கொண்டது. ஐந்து கியூப் 50 கிராம், அதில் சோடியம் 9 கிராம், 24 ஆளுக்குப் பிரித்தால் தலைக்கு 375 மில்லிகிராம். உப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரு நாளைக்கே 5 கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குருமாவில் கியூப் மட்டுமே ஒரு கிராம். நான் வழக்கம்போல் போடும் கல்லுப்பு தனி. பிரியாணி உப்பு தனி. ஊறுகாய், அப்பளம் தனி. தம்பிக்கு ஏன் சாயங்காலம் வரை தாகம் எடுத்தது என்பதற்கு இதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை. அஜினோமோட்டோவா என்று கேட்டார். இருந்தது, ஆனால் தாகம் அதனால் மட்டும் வந்திருக்காது. அதில் சோடியம் நூற்றுக்கு 12 பங்குதான், சாப்பாட்டு உப்பில் 39 பங்கு.

அந்த 627, 631-ஐப் பற்றியும் சொல்லவேண்டும், அதில் எங்கள் ஊர்க் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. 1913-ல் இகெடாவின் மாணவர் ஷிந்தாரோ கொடாமா, ஜப்பான்காரர்கள் சீவிப்போட்டுச் சாறெடுக்கும் காய்ந்த மீனில் இருக்கும் ருசி இனோசினேட் என்று கண்டுபிடித்தார். தங்கை மகள் அந்த மீனின் படத்தைப் போனில் தேடிக் காட்டினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். கட்டை மாதிரி, கருப்பாக. நம்ம மாசி! சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்து லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் செய்வார்களே, அதன் உடன்பிறப்பு. எங்கள் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போய்வரும் ஊர் இது. மாசியை இடித்து, வத்தல், சின்ன வெங்காயம், தேங்காய் சேர்த்துச் சம்பல் அரைத்தால் வெறும் கஞ்சிக்கு வேறெதுவும் வேண்டாம். இகெடாவுக்கும் கொடாமாவுக்கும் முன்பே எங்கள் ஆச்சிகளுக்கு இந்த விஷயம் நாக்கில் தெரிந்திருந்தது, பெயர் வைக்கத்தான் நேரமில்லை.

631 என்பது அந்த இனோசினேட். 627, காளானில் உள்ள குவானைலேட். இரண்டையும் கலந்து 635 என்றும் போடுவார்கள். குளூட்டமேட்டோடு இவை சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறாது, பல மடங்காக ஏறும். அதனால்தான் சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, சூப் பொடி எல்லாவற்றிலும் இவை துணைக்கு வருகின்றன. சில பாக்கெட்டில் 621 இருக்காது. எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கம் 627, 631, ஈஸ்ட் சாறு, ஹைட்ரோலைஸ் செய்த காய்கறிப் புரதம் என்று வரும். கடைசி இரண்டிலும் குளூட்டமேட் தானாகவே இருக்கிறது. முன்பக்கம் சொன்னது பொய்யில்லை என்று வக்கீல் வாதாடலாம். மாமியாரிடம் அப்படிப் பேசிப்பாருங்கள், தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட். கால் கட்டைவிரல் வீங்கி இரண்டு தடவை செருப்புப் போட முடியாமல் கிடந்தார். மருத்துவர் சொல்லி மாசி, நெத்திலி, கருவாடு எல்லாம் அவருக்கு நிறுத்தியாயிற்று. ஏனென்றால் அவற்றிலுள்ள பியூரின் உடலுக்குள் யூரிக் அமிலமாகிறது. 627, 631-ம் அதே பியூரின் குடும்பம். பாக்கெட்டில் சேர்ப்பது மிகச் சிறிய அளவுதான், ஒரு துண்டு மாசியோடு ஒப்பிடவே முடியாது. இருந்தாலும், சம்பல் தடைசெய்யப்பட்ட அதே மனிதர் சாயங்காலம் டிவி முன்னால் மசாலா சிப்ஸ் பாக்கெட்டோடு உட்காருவதைப் பார்க்கையில் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் ஓட்டு மாசிக்குத்தான்.

சைவ வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் உண்டு. இனோசினேட்டை மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளியைப் புளிக்கவைத்தும் எடுக்கலாம். பாக்கெட்டில் 631 என்று எண் மட்டும் போட்டால் எதிலிருந்து வந்தது என்று சாப்பிடுபவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி தில்லி உயர்நீதிமன்றம்வரை போய், 2021 டிசம்பரில், மூலம் தாவரமா விலங்கா என்பதையும் சொல்லவேண்டும் என்று உத்தரவானது. என் கியூப் டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்தது. அந்த மட்டில் தப்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன் மூன்று விதமாகக் குருமா வைத்துப் பார்த்தேன். கியூபோடு ஒன்று. கியூப் இல்லாமல், உப்பைக் குறைத்து, இந்தப் பாக்கெட்டிலிருந்து கால் தேக்கரண்டி போட்டு ஒன்று. இரண்டும் இல்லாமல் ஒன்று. மூன்றாவதில் வெங்காயத்தைப் பொறுமையாகத் தங்க நிறம் வரும்வரை வதக்கி, கசகசாவும் முந்திரியும் அரைத்து, பொடியாக நறுக்கிய காளானை வறுத்துச் சேர்த்தேன். ருசியில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, உப்பு மட்டும் இரண்டாவதில் குறைவு. மூன்றாவதுதான் நல்ல குருமா. ஆனால் 40 நிமிடம் கூடுதல். அப்போதுதான் புரிந்தது, கியூப் எனக்கு மூன்று வருடமாக விற்றது ருசியை இல்லை, அந்த 40 நிமிடத்தை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 24 கேரியர் காத்திருக்கும்போது அதன் விலை என்ன என்று அடுப்பு முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியும். அதனால் கியூப் போடுகிறவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, கல்லுப்பைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

நான் இப்போது வெள்ளிக்கிழமை இரவே வெங்காயம் வதக்கி வைத்துவிடுகிறேன்.

24 பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன். மூன்று வருடம் குருமாவில் கியூப் போட்டேன், அதில் இன்னின்ன இருந்தது, தெரியாமல் போட்டது என் தப்பு, இனி போடமாட்டேன் என்று. பாதிப்பேர் நீல டிக் மட்டும். வங்கி மேடம் ஒருவர், "அப்போ பழைய டேஸ்ட் இனி வராதா?" என்று அழுகிற பொம்மை போட்டார். ஒருவர் மாதக் கடைசியோடு நின்றுகொண்டார், காரணம் சொல்லவில்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு மட்டும் தனியாக மன்னிப்பு எழுதினேன். அவர் ஒரு சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, "அக்கா, இதுல 627, 631 இருக்கே, இதுவும் அந்தக் குடும்பமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரிக்கா, இதை முடிச்சிட்டு நாளையிலிருந்து பாத்துக்கிறேன்" என்றார்.

மதிப்பெண் போடவேண்டுமாம். அஜினோமோட்டோவுக்கு ஐந்துக்கு மூன்று. சொன்ன வேலையைச் செய்கிறது, என்ன இருக்கிறது என்பதை முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, உப்பைக் குறைக்க உதவுகிறது. மட்டச் சாப்பாட்டுக்குத் துணைபோவதால் இரண்டு குறைத்தேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தைச் சாப்பாட்டுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சாப்பிட்டால் தலைவலி வருகிறது என்று உணர்கிறவர்கள் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை, விட்டுவிடுங்கள். கியூபுக்கு ஒன்று, அதுவும் நாத்தனார் முகத்துக்காக.

பாக்கெட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கேரியர் சமையலுக்கு அதைத் தொடுவதில்லை. ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாதம் வடிக்கும் சத்தம் கேட்டதும் முன்னறையிலிருந்து அத்தை குரல் வரும்: "ஏட்டி, அந்தக் கோழித்தண்ணி இருக்கா?"